ஒழுக்கும் ஒற்றும்

ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டு இக்கட்டுரையைத் தொடங்குகின்றேன். வல்லினம் மிகும் இடங்களையும் மிகா இடங்களையும் பற்றி யான் முன்னர் எழுதிய கட்டுரை அச்சாகியிருந்த செய்தித்தாள், சென்ற ஆண்டு மாரி தொடங்குமுன் பல நாள், என் வீட்டு முற்றத்தில் ஒரு பழைய மோட்டார் சைக்கிளின் வயிற்றின் கீழ் விரிந்து கிடந்தது. மாலையில் விரிப்பேன், விடியலிற் குனிந்து பார்ப்பேன். நாணயக் குற்றியளவு கறுத்த எண்ணெய் வட்டமொன்று புதிதாகப் படிந்திருக்கும். ஒற்றுப் பிழையைக் கடிந்து யான் எழுதிய வரிகளை ஓர் ஒழுக்குப் பிழை நாடோறும் நனைத்து வந்தது. தமிழ்க் கட்டுரையைத் தரையில் விரித்ததே குற்றம் என்று வாசகர் கருதற்க. குற்றம் வேறு, அதனை உரிய இடத்திற் சொல்வேன்.

பண்டிதருக்கும் எஞ்சினுக்கும் என்ன வழக்கு என்று வினவுவாரும் உளர். எங்கள் கரையில் அவ்வினாவுக்கு விடை எளிது. காரைதீவில் 1892-இல் தோன்றிய விபுலாநந்த அடிகள் 1916-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதரானார். 1920-இல் இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டமும் பெற்றார். பழந்தமிழர் யாழை ஆராயப் புகுந்தபோது புகழ்ந்து பாடுவதோடு அவர் அமையவில்லை. நரம்பின் நீளத்தையும் சுருதியையும் கணக்கிட்டுக் கண்டார். அதன் பயனே 1947-இல் வெளிவந்த யாழ்நூல். கருவியைக் கையால் தொட்டு அறிதல் தமிழுக்கு இழிவன்று என்பதற்கு இதனின் மேற்பட்ட சான்று வேண்டா.

இனி, அந்த மோட்டார் சைக்கிளின் வரலாற்றைச் சொல்வேன். அது யப்பானில் ஆக்கப்பட்டது. நான்கு வீச்சு எஞ்சின் உடையது. என் தந்தையாரும் ஆசிரியர். வினாயகபுரத்திலிருந்து திருக்கோவில், தம்பிலுவில் வழியாக அவர் பள்ளி சென்று மீண்டது அதன்மேலேதான். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் கடல் எழுந்து வந்து எங்கள் வேலியையும் அடுக்களையையும் கொண்டு சென்றது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். எங்கள் வீட்டில் உயிர்கள் தப்பின. அயலில் தப்பாதன பல. மூன்றாம் நாள் தாழம்புதரொன்றின் அடியில், கைபிடி மட்டும் வெளித்தெரிய, மணலுக்குள் அந்த வண்டி கிடந்தது. கிணறுகள் எல்லாம் உவர்த்துப்போன காலம் அது. பவுசரில் வந்த குடிநீரில் ஒரு வாளியைக் கொண்டுபோய்த் தந்தையார் அதனைக் கழுவினார். அன்னையார் கடிந்துகொண்டார். தந்தையார் ஒன்றும் பேசாமற் கழுவிக்கொண்டேயிருந்தார்.

எஞ்சினுள் புகுந்த நீரை வடித்து, மண்ணெண்ணெயால் அலசி, புதிய எண்ணெய் வார்த்தபின் அஃது ஓடியது. தந்தையாருக்குப் பின் யான் ஓட்டலானேன். 2020 மார்ச்சில் இந்நாட்டு அரசு வாகன இறக்குமதியை நிறுத்திய பின்னர், எங்கள் ஊர்களிற் பழைய வண்டிக்குப் புதிய மதிப்பு வந்தது. விற்றுவிடுமாறு கேட்டு வந்தோர் பலர். யான் விற்கவில்லை. ஆனால் பேணவும் இல்லை.

சங்கிலியைச் சுழற்றும் முன்புறப் பற்சில்லின் அடியில் எண்ணெய் கசிவதை யான் நெடுநாள் அறிந்திருந்தேன். ஒரு துளிதானே என்று இருந்துவிட்டேன். இத்தகைய சிறு எஞ்சின்கள் கொள்ளும் எண்ணெய் ஒரு லீற்றருக்கும் குறைவு. குறைந்துவிட்டது என்று எச்சரிக்கும் விளக்கும் என் வண்டியில் இல்லை. அளவுகோலை எடுத்துப் பார்க்கும் வழக்கமும் என்னிடம் இல்லை. ஒருநாள் அக்கரைப்பற்றை அணுகும்போது எஞ்சின் ஒருமுறை அலறிப் பின் இறுகி நின்றது. எண்ணெய் வற்றிய உருளைக்குள் பிஸ்டன் உரசிச் சிதைந்திருந்தது. துளித்துளியாய் இழந்ததற்கு ஒரே நாளில் விலை கொடுத்தேன்.

அக்கரைப்பற்றில் ஒரு கராச். அதன் உரிமையாளர் எழுபதை அணுகும் முஸ்லிம் பெரியவர். யான் அவரைக் காக்கா என்பேன். அவர் என்னைச் சேர் என்பார். எஞ்சின் முழுவதையும் பிரித்து, பிஸ்டனும் அதன் வளையங்களும் பெயாரிங்குகளும் சீல்களும் புதிதாக இட்டு, மூன்று கிழமையில் வண்டியைத் தந்தார். ஒலி புதுவண்டியின் ஒலியாயிருந்தது. யான் மகிழ்ந்து வீடு வந்தேன். நான்காம் நாள் விடியலில் முற்றத்து மணலில் ஒரு கறுப்புத் துளி! பழைய இடத்திலேயே!

மீண்டுஞ் சென்றேன். புதிய சீல் ஒன்று இட்டார். நான்கு நாள் நின்றது, பின் ஒழுகியது. மூன்றாவது சீலும் இட்டார். செய்தித்தாளை விரிக்கத் தொடங்கியது அப்போதுதான். ஐந்தாம் நாள் வட்டம் தோன்றிற்று. அன்று யான் கராசுக்குப் போய், வந்திருந்த நாலைந்து பேர் கேட்கும்படி, “மலிந்த சீலைப் போட்டு நல்ல சீலுக்குக் காசு வாங்குகிறீர்கள்” என்று சொல்லிவிட்டேன். யான் முன்னர்க் குறித்த குற்றம் இதுவே. அவர் முகம் மாறிற்று. ஆயினும் சினவாமல், “சீல்ல பிழை இல்ல சேர். வேற எங்கயோ இரிக்கி. வண்டிய விட்டுட்டுப் போங்க, நாளைக்கு ஆறுதலாப் பாப்பம்” என்றார்.

சீல் என்பது யாது என்று அறியாத மாணவருக்குச் சிறிது விளக்குதல் தகும். எஞ்சினின் உள்ளே எண்ணெய், வெளியே தூசி. உள்ளிருந்து வெளியே சுழலும் தண்டொன்று நீண்டு வரல் வேண்டும். தண்டு சுழலவும் வேண்டும். அதன் ஓரத்தால் எண்ணெய் வெளியேறாதிருத்தலும் வேண்டும். நிலைத்து நிற்கும் கூட்டையும் சுழன்று வரும் தண்டையும் பொருத்துவது அவ்விடத்து இடர். தமிழாசிரியனுக்கு இது புதிதன்று. நிலைமொழியும் வருமொழியும் கூடுமிடத்தில் ஓர் ஒற்று நின்று தொழில் செய்கின்றதல்லவா? எஞ்சினிலும் அத்தகையதோர் ஒற்று உண்டு. அதுவே சீல்.

விரலணி போன்ற வளையம் அது. புறத்தே இரும்புச் சட்டம். அகத்தே இரப்பர் உதடு. அவ்வுதட்டைச் சுற்றி மயிரிழை போன்ற கம்பியாற் சுருட்டிய வில் ஒன்று, தண்டை மெல்ல அணைத்துப் பிடிக்கும். வில் இருக்கும் பக்கம் எண்ணெயை நோக்கியிருத்தல் வேண்டும். புறங்காட்டி இட்டால் ஒழுகும். அதன் முகத்தில் மூன்று எண்கள் பொறித்திருக்கும். 20, 32, 6 என்று இருப்பின், தண்டின் விட்டம் 20 மில்லிமீற்றர், சீலின் வெளிவிட்டம் 32, தடிப்பு 6 என்று கொள்க.

இதற்குத் தமிழ் யாது? எண்ணெய் முத்திரை என்று மொழிபெயர்த்தாரைக் கண்டிருக்கின்றேன். முத்திரை ஓலையில் இடுவது, எண்ணெயைத் தடுப்பதன்று. நம் சித்த மருத்துவர் பற்பம் எரிக்கும்போது சட்டியும் மூடியும் பொருந்தும் வாயிற் சீலையையும் மண்ணையும் சுற்றி அடைப்பர்; அதற்குச் சீலைமண் என்று பெயர். சீலையே சீல் ஆயிற்று என்று சொல்லித் திரிய யான் துணியேன்; சீல் ஆங்கிலச் சொல்லே. ஆனால் அடைப்பின் தொழில் நமக்குப் புதிதன்று என்பதற்குச் சீலைமண் சான்றாகும். கராசில் யாவரும் சீல் என்பதால் யானும் அங்ஙனமே எழுதுகின்றேன்.

முற்காலத்து மாட்டுவண்டி அச்சுக்கு இவ்வடைப்பு இல்லை. மசகு இட்டோம், அது வழிந்தது, மீண்டும் இட்டோம். விரைந்து சுழலும் பொறிகளுக்கு அது போதாதாயிற்று. செருமனியில் வைன்ஹைம் என்னும் ஊரில் பிராய்டன்பேர்க் என்ற தோல் பதனிடும் நிறுவனம், வால்தர் சிம்மர் என்னும் பொறியியலாளர் பெயரால் வழங்கும் வளையத்தை 1929-இல் ஆக்கத் தொடங்கியது. முதலில் அதன் உதடு தோல். 1936-இல் செயற்கை இரப்பரால் ஆயிற்று. நம் நாட்டு இரப்பர் ஏன் ஆகாது? கம்பகாவை அடுத்த ஹெனரத்கொடைத் தோட்டத்தில் 1876-இல் இரப்பர் கன்றுகள் நடப்பெற்ற பெருமை இலங்கைக்கு உண்டு. ஆனால் மரத்திற் பிறந்த இரப்பர் கனிய எண்ணெயிற் கிடந்தால் ஊதிப் பருத்து வலுவிழக்கும். எண்ணெயைத் தாங்கும் நைத்திரைல் இரப்பர் 1930-களில் ஆய்வுகூடத்திற் பிறந்தது.

இன்னொரு வியப்பும் உண்டு. உதடு தண்டை முற்றாக உலர்ந்து தொடுவதில்லை. இரண்டுக்கும் இடையே ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்களவான எண்ணெய்ப் படலம் நிற்கும். அப்படலம் இல்லையேல் உதடு கருகும், தடித்தால் ஒழுகும். ஒழுகப் பார்க்கும் எண்ணெயைச் சுழலும் வேகத்திலேயே நல்ல சீல் உள்ளே திருப்பி அனுப்பிவிடும். இத்தனை நுண்மையும், தண்டின் புறம் ஒழுங்காக இருந்தால்தான்.

மறுநாள் யான் சென்றபோது, காக்கா கருவி எதனையும் எடுக்கவில்லை. சீலைச் சுற்றியிருந்த எண்ணெயைத் துணியால் நன்கு துடைத்து உலர்த்தினார். குழந்தைகளுக்குப் பூசும் பவுடரை அங்கே தூவினார். எஞ்சினை ஓடவிட்டு, கைகட்டி நின்று பார்த்தார். சிறிது நேரத்தில் பவுடரின் வெண்மையில் ஈரம் படர்ந்தது. சீலின் வெளிவிளிம்பு உலர்ந்தே இருந்தது. உள்விளிம்பில், தண்டைத் தொடுமிடத்தில்தான் நனைந்தது. கூட்டின் துளையில் கீறல் இல்லை என்பது இதனாற் பெறப்பட்டது.

பின்னர் எஞ்சினின் மூச்சுக்குழாயைக் கழற்றி ஊதினார். பிஸ்டன் ஏறி இறங்குகையில் உள்ளே எழும் அழுத்தம் அக்குழாய் வழியே வெளியேறல் வேண்டும். குளவி மண்கூடு கட்டியோ சேறு படிந்தோ அஃது அடைபட்டால், எத்துணை நல்ல சீலையும் தள்ளிக்கொண்டு எண்ணெய் வெளிவரும். குழாய் திறந்தே இருந்தது. தண்டைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பார்த்தார். பெயாரிங்கைக் கலைச்சொல்லார் போதிகை என்பர். அப்போதிகை தளர்ந்தால் தண்டு தள்ளாடும். தள்ளாடும் தண்டோடு உதடு ஒத்துச் செல்லாது. அங்கும் குறையில்லை.

கடைசியாகச் சீலைக் கழற்றினார். தண்டைப் பெற்றோலால் துடைத்தார். வெளிச்சத்திற் பளபளவென்று இருந்தது. யான், “தண்டு நன்றாகத்தானே இருக்கின்றது, காக்கா?” என்றேன். அவர் தம் பெருவிரல் நகத்தைத் தண்டின் நீளத்தே மெல்ல இழுத்தார், ஓரிடத்தில் நின்றார். “கையத் தாங்க சேர்” என்று என் விரலைப் பிடித்து அவ்விடத்தில் வைத்தார். என் நகம் இடறிற்று. ஒருமுறை அன்று, நாலைந்து முறை. கண்ணுக்குத் தெரியாத ஊசிமுனைப் பள்ளங்கள்.

“இது ரெண்டாயிரத்தி நாலு சேர்” என்றார் அவர்.

யான் சிறிது நேரம் பேசவில்லை. உப்புநீர் உருக்கைப் பரந்து அரிப்பதோடு நில்லாது. புள்ளி புள்ளியாகவும் துளைக்கும். எண்ணெய் நின்ற உட்பக்கம் கேடின்றித் தப்பியிருந்தது. உதட்டின் வெளியோரம் தொட்ட இடத்தில், கடல் நீரும் மணலும் தங்கி, இருபது ஆண்டுக்கு முன் கடித்த வடு அப்படியே இருந்தது. ஒவ்வொரு புதிய சீலும் முதல் நாலு நாள் தன் மென்மையால் அதனை மறைத்தது. பின்னர்ப் பள்ளத்தின் விளிம்புகள் உதட்டைச் சீவின. எண்ணெய் வழி கண்டது. சீலில் குற்றமில்லை. இட்டவர் கையிலும் வஞ்சமில்லை. என் தந்தையார் ஒரு வாளி நன்னீராற் கழுவிப் போக்க முயன்ற உப்பு, அவர் கை எட்டாத இடத்தில் இருந்திருக்கின்றது.

“என்னிலயும் பிழை இரிக்கி. எல்லாம் புதுசாப் போட்ட நினைப்பில பழசத் தடவிப் பாக்கல்ல” என்றார் காக்கா. பழி என்மேல் இருக்க, அதில் ஒரு பங்கை அவர் தாமாக எடுத்துக்கொண்டார்.

மாற்றுத் தண்டு எளிதிற் கிடைக்கும் வண்டியன்று அது. தண்டின்மேல் மெல்லிய உருக்கு உறை ஒன்றை ஏற்றி, அதன்மேல் உதடு ஓடும்படி செய்தல் ஒரு முறை. அவ்வளவுக்கு உறை கையில் இல்லை. எனவே மற்றொரு முறையைக் கைக்கொண்டார். சீலை முன்னிருந்த இடத்திலும் ஒன்றரை மில்லிமீற்றர் உள்ளே தள்ளி இருத்தினால், உதடு வடுப்படாத நல்ல உருக்கின்மேல் ஓடும். பின்னே பெயாரிங்கில் முட்டாது என்பதையும், எண்ணெய்த் துளை எதனையும் மூடாது என்பதையும் அளந்து பார்த்துக்கொண்டார்.

நுண்ணிய எமரித் தாளை நாடாப்போல் வெட்டி, எண்ணெய் தோய்த்து, தண்டைச் சுற்றியே தேய்த்தார். “சுத்தித்தான் தேய்க்கணும் சேர். சரிச்சுத் தேச்சா அந்தக் கீறல் திருகாணி மாதிரி எண்ணெய வெளிய இழுத்துப் போடும்” என்றார். பொடி ஒரு துகளும் உட்புகாதவாறு துடைத்தார். தண்டின் நுனியிலுள்ள பற்கள் உதட்டைக் கிழித்துவிடாதபடி அவற்றின்மேல் மெல்லிய பொலித்தீன் தாளைச் சுற்றினார். உதட்டுக்குக் கிறீஸ் பூசினார். சீலின் வெளிவிளிம்பளவு குழாய்த்துண்டு ஒன்றை வைத்து, வட்டம் சுற்றிச் சுற்றி மெல்லத் தட்டி இறக்கினார். ஓர் ஓரத்தை ஓங்கி அடிப்பவன் சீலைக் கோணவைப்பான் என்றார். இத்தனைக்கும் ஒரு மணிப்பொழுதே சென்றது. காரணத்தைத் தேடியதற்கு அதனினும் மிகுந்த நேரம் சென்றிருந்தது.

வீடு திரும்பும் வழியில் என் நெஞ்சில் நின்றது எஞ்சின் அன்று, ஒரு சிறுவன். பல ஆண்டுக்கு முன் என் வகுப்பில், கடைசி வாங்கில் இருந்தவன். கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது மெய்யெழுத்துக்குப் புள்ளி இடான். பள்ளி என்பதைப் பளளி என்று எழுதுவான். பத்து முறை எழுதச் சொன்னேன், நாலு நாள் புள்ளி வரும், பின் ஒழியும். ஐம்பது முறை எழுதச் சொன்னேன். நூறு முறையும் எழுதச் சொன்னேன். சோம்பேறி என்று பிற மாணவர் கேட்கச் சொன்னேன். பின்னர்ப் பள்ளிக்கு வந்த கண் மருத்துவர் ஒருவர் அவனைச் சோதித்து, கரும்பலகையில் உள்ள எழுத்தின் உருவம் அவனுக்குத் தெரியும், புள்ளி தெரியாது என்றார். கண்ணாடி அணிந்த நாள் முதல் அவன் புள்ளி தவறவில்லை. யான் சீலையே மாற்றிக்கொண்டிருந்திருக்கின்றேன். தண்டைத் தடவிப் பார்த்திலேன்.

எங்கள் நாட்டு வழக்கில் வண்டியைப் பழுதுபார்ப்பதும் திருத்துதல். விடைத்தாளைப் பார்ப்பதும் திருத்துதல். சொல் ஒன்றே. கராசில் திருத்துவோர், ஒழுக்கு மீண்டும் வந்தால் தம் தொழில் முடியவில்லை என்று அறிவர். யாமோ சிவப்பு மையால் வட்டமிட்டதும் தொழில் முடிந்ததாகக் கருதுகின்றோம். அதே பிழை மறுகிழமையும் வந்தால் மாணவனை நோகின்றோம். நோயை மட்டுமன்றி நோயின் முதலையும் நாடுமாறு வள்ளுவர் வகுத்த நெறியை மனப்பாடமாகச் சொல்லிக் கொடுத்தவன் யான். அந்நெறியைக் கையாற் செய்து காட்டியவர் அக்கரைப்பற்றுக் காக்கா.

ஏழு நாள் கழிந்தபின், எண்ணெய் அளவைப் பார்த்துவிட்டு, அவரிடம் சென்றேன். அன்று போலவே நாலைந்து பேர் இருந்தனர். அவர்கள் கேட்கவே, “காக்கா, அன்று யான் சொன்னது தவறு, பொறுத்துக்கொள்ளுங்கள்” என்றேன். அவர் கையிலிருந்த எண்ணெயைத் துணியிற் துடைத்துக்கொண்டே, “கோவத்திலயும் வேற கடைக்குப் போகாம இங்கதானே கொண்டு வந்தீங்க சேர்; அது போதும்” என்று சொல்லித் தேநீருக்கு ஆளனுப்பினார்.

இப்போதும் மாலையில் தாள் விரிக்கின்றேன், புதிய தாள். விடியலில் அது வெறுமையாகவே இருக்கின்றது. எண்ணெய் படிந்த பழைய தாளை எறியுமுன் என் கட்டுரையை மறுபடி ஒருமுறை படித்தேன். நான்காம் பத்தியில் மிகவேண்டிய ஓர் ஒற்று மிகவில்லை. அச்சுக்கோத்தவர் தவறு என்று உடனே எண்ணினேன். பின்னர்ப் பெட்டியைத் திறந்து என் கையெழுத்துப் படியை எடுத்துப் பார்த்தேன். பிழை என்னுடையதே.